யாருடைய திறமை? யாருடைய கூலி?

கூடுவாஞ்சேரி ரயிலடியைச் சுற்றியுள்ள சந்துகளில் மாலை நேரத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள். மறைமலைநகருக்கும் மகிந்திரா சிட்டிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்வரும் வாலிபர்கள், அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று அடைந்து கிடக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயக் கூலிகளின் பிள்ளைகள். இவர்களில் பலருக்குக் கால்பந்து என்றால் உயிர். இங்கிலாந்தில் எந்த அணிக்கு யார் கோல் காப்பவர், யாருக்கு முழங்காலில் அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட அறை ஒன்றில் ஒரு தம்பி நம்மிடம் தன் போனைக் காட்டினான். 2024–25 சீசனில் அவன் கட்டிய பணத்தின் கணக்கு. 49 ரூபாய், 49 ரூபாய், மறுபடியும் 49 ரூபாய். ஒரு சனிக்கிழமை மட்டும் ஏழு தடவை. ஏழு தடவை என்றால் 343 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் வைத்த நாள் கூலி 319 ரூபாய். ஊரில் அவன் தாய் மண் சுமந்த ஒரு நாள், ஓர் இரவில் போயிற்று. எந்தக் கம்பெனி என்பது இங்கே பெரிதல்ல.

இந்த ஆட்டத்துக்குப் பேன்டசி புட்பால் என்று பெயர். நிஜமாகத் திடலில் ஆடப் போகிறவர்களிலிருந்து நீங்கள் ஓர் அணியைப் பொறுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை. மொத்தம் நூறு புள்ளிக்குள் பதினொருவரை அடக்க வேண்டும். ஒருவரைக் கேப்டனாக வைத்தால் அவர் வாங்கும் புள்ளி இரட்டிப்பு; துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. கோல் அடித்தால் புள்ளி ஏறும். சிவப்பு அட்டை வாங்கினால் இறங்கும். அதிகப் புள்ளி எடுத்தவனுக்குப் பரிசு. நுழைவுப் பணத்தில் கம்பெனி தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். யார் தோற்றாலும் அது தோற்பதில்லை!

இதைச் சூதாட்டம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நாம் தயாரில்லை. பொறுக்குவதில் திறமை இருக்கிறது. 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் வென்றதே, அந்த ஒரே கோலை அடித்தவர் நம் சென்னைப் பிள்ளை நந்தகுமார் சேகர். அவருடைய ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்து வந்த ரசிகன் அன்று அவரை எடுத்திருப்பான். பெயரை மட்டும் பார்க்கிறவன் விட்டிருப்பான்.

பணத்தை இழந்த ஒருவர் ட்ரீம்11 மீது வழக்குத் தொடுத்தபோது, 2017ல் பஞ்சாப்–ஹரியானா ஐகோர்ட்டும் இதைத்தான் சொல்லிற்று: இது திறமை ஆட்டம், சூதாட்டம் அல்ல. அந்தத் தீர்ப்பு கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. 2020ல் ஐ.பி.எல். பந்தயத்துக்குத் தன் பெயரைச் சூட்ட அதே கம்பெனி 222 கோடி ரூபாய் கொடுத்தது.

திறமை ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் திறமை யாரிடம் இருக்கிறது?

ஆட்டம் தொடங்குவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்புதான் இறங்கப் போகிற பதினொருவர் யார் என்ற பட்டியல் வெளியாகும். அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்நாடி. அப்போது நம் தம்பி எங்கே இருக்கிறான்? இரண்டாம் ஷிப்டில், இயந்திரத்தின் முன்னால். போன் கேட்டருகே பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அவன் காலையில் எடுத்த கேப்டன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவனுக்குத் தெரியாது. அதே நேரத்தில் வேறொருவன் கம்ப்யூட்டரை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரே பந்தயத்தில் பல அணிகளை இறக்கிக்கொண்டிருக்கிறான். அமெரிக்காவில் 2015ல் பேஸ்பால் பேன்டசி ஆட்டத்தை ஆராய்ந்து பார்த்தார்கள். லாபத்தில் நூற்றுக்கு 91 பங்கு, ஆடியவர்களில் நூற்றுக்கு 1.3 பேர் கைக்கே போயிருந்தது! திறமை ஆட்டம் என்றால் ஏழைக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. திறமைக்கு எவ்வளவுக்கெவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு நேரமில்லாதவன் தோற்பான்.

கால்பந்தைக் காட்டித் தொழிலாளியின் சில்லறையை வாங்குவது புதிதுமல்ல. 1923ல் ஜான் மூர்ஸ் என்பவர் மான்செஸ்டர் திடலின் வாசலில் 'பூல்ஸ்' சீட்டு விநியோகித்துத் தொடங்கிய லிட்டில்வுட்ஸ் வியாபாரம், அவரைக் கோடீஸ்வரராக்கிற்று. சீட்டு வாங்கிய மில் தொழிலாளி மறுநாளும் மில்லுக்கே போனான்.

2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டம் இயற்றிற்று: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். சுமார் 45 கோடிப் பேர் ஆண்டுக்கு இருபதாயிரம் கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று அப்போது சர்க்காரே சொல்லிற்று. ட்ரீம்11 பணப் பந்தயங்களை நிறுத்திற்று. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தும் அதன் பெயர் போயிற்று. வேறு சில கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அந்த வழக்குகளை 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தன்னிடமே மாற்றிக்கொண்டது. தம்பி இழந்த பணம் மட்டும் திரும்பவில்லை.

ஆனால் ஆட்டத்தையே விட்டுவிடு என்று அவனிடம் நாம் சொல்லவில்லை. இங்கிலாந்து பிரிமியர் லீக் நடத்தும் பேன்டசி ஆட்டத்துக்கு நுழைவுப் பணமே கிடையாது. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் ஆடுகிறார்கள். அதுகூட வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். அறையில் ஆறு பேரா? சீட்டுக் குலுக்கி வரிசை போடுங்கள். முதல் சுற்றில் முதலாமவன் தொடங்கி ஆறாமவன் வரை ஆளுக்கொரு ஆட்டக்காரரை எடுக்கட்டும். இரண்டாம் சுற்றில் ஆறாமவன் தொடங்கி முதலாமவனுக்குத் திரும்பட்டும். ஒருவன் எடுத்தவரை மற்றவன் எடுக்கக் கூடாது. கடைசியில் நிற்பவனுக்கு அடுத்தடுத்து இரண்டு பேர் கிடைப்பதால் யாருக்கும் குறையில்லை. முன்னாட்டக்காரர் கோல் அடித்தால் 4, நடு ஆட்டக்காரருக்கு 5, தடுப்பாட்டக்காரருக்கு 6, கோலுக்குப் பந்து கொடுத்தவருக்கு 3, மஞ்சள் அட்டைக்கு ஒன்று கழிவு.

ஒரு விதியை மட்டும் நாம் சேர்ப்போம். ஷிப்டுக்குப் போகிறவன் தன் பதினொருவரோடு இரண்டு மாற்று ஆட்களையும் எழுதிவைத்துப் போகலாம். எடுத்தவர் இறங்காவிட்டால் மாற்று ஆளின் புள்ளி அவனுக்குச் சேரும். நோட்டு வாரம் ஒருவர் கையில் இருக்கட்டும். வாரக் கடைசியில் தோற்றவன் எல்லோருக்கும் டீ போடட்டும். தூளும் பாலும் பொதுச் செலவு.

இதைச் சொன்னபோது தம்பி சிரித்தான். பிறகு, "அண்ணே, முதல் சுற்றிலேயே கோல் காப்பவரை எடுத்தால் முட்டாள்தனமா?" என்று கேட்டான். அறையில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். நமக்குக் கடைசி ரயில் தப்பிவிட்டது.