மலைக்குளிர் கியர்பாக்ஸுக்குள் போவதில்லை

"குளிர் ஊருதானே, கியர்பாக்ஸுக்கு எதுக்குக் கூலர்?" மஸ்கெலியா, நல்லதண்ணி பக்கம் ஓட்டோமெட்டிக் டபுள் கேப் வைத்திருப்பவர்களிடம் மேலதிக ஒயில் கூலர் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி இது. கூலர் என்பது ஹம்பாந்தோட்டை வெயிலுக்குரிய சாமான்; ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிற ஊரில் அது வீண் செலவு. நம்பிக்கை இப்படிப் போகிறது. சாரதிக்குக் குளிர்வதால் வண்டிக்கும் குளிரும் என்று எடுத்துக்கொள்வதில் வருகிற பிழை இது. வெளியே பனி கொட்டினாலும் அடுப்பில் வைத்த கேத்தல் கொதிக்கத்தான் செய்யும்.

அடுப்பு இருப்பது டோர்க் கன்வேர்ட்டருக்குள். என்ஜின் சுழற்றும் தகடுகள் ஒயிலை வீச, அந்த வீச்சில் எதிர்த் தகடுகள் சுழன்று சில்லுகளை இழுக்கின்றன. இரண்டின் வேகமும் ஒத்துப்போகாதவரை, அந்த வித்தியாசத்தில் வீணாகும் சக்தி சூடாக மாறி ஒயிலில் இறங்குகிறது. நேரான, வேகமான பாதையில் உள்ளே இருக்கும் பூட்டு கிளச் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இந்த இழப்பை நிறுத்திவிடும். கினிகத்தேனைக்கு மேலே கொண்டைஊசி வளைவுகளில் தாழ்ந்த கியரில் ஊரும்போது அந்தப் பூட்டு விழுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏற்றம் சுமார் 1,200 மீட்டர். சுமையோடு 3 தொன் நிற்கும் ஒரு டபுள் கேப்பை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே கிட்டத்தட்ட 35 மெகாஜூல் சக்தி தேவை. அதில் பத்தில் ஒரு பங்கு கன்வேர்ட்டரில் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், சூட்டை வெளியேற்ற வழியே இல்லாத நிலையில் 10 லீற்றர் ஒயிலின் வெப்பம் 200 பாகை உயர அது போதும். வழி இருப்பதால்தான் வண்டி ஹட்டனுக்கு வந்து சேர்கிறது. அந்த வழி எவ்வளவு அகலம் என்பதில்தான் விவகாரம்.

கம்பனி பொருத்தித் தரும் ஏற்பாட்டில், பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸ் ஒயில் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் ஒரு குழாய் வழியாகப் போய்த் திரும்புகிறது. அதாவது, ஒயில் தன் சூட்டைக் கொடுப்பது மலைக்காற்றிடம் அல்ல, ஏற்கெனவே என்ஜினின் சூட்டைச் சுமந்துகொண்டிருக்கும் தண்ணீரிடம். ஏற்றத்தில் என்ஜினும் முழுமூச்சாய் உழைக்கிறது. நுவரெலியா ஆனாலும் கொழும்பு ஆனாலும் என்ஜினைத் தன் வழக்கமான சூட்டிலேயே வைத்திருப்பதுதான் தேர்மோஸ்டாட்டின் வேலை.

குளிர் காற்றால் பயனே இல்லையா? உண்டு. 110 பாகைச் சூட்டில் இருக்கும் ஒரு கூலருக்கு 30 பாகைக் காற்றை விட 15 பாகைக் காற்று ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாக உதவும். ஆனால் 1,250 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. மெலிந்த காற்று அந்த லாபத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். தவிர, காற்று வேகமாக அடித்தால்தானே ஆற்றும்? மணிக்கு 20 கிலோமீற்றரில் ஊரும் வண்டியில் எங்கே அடிக்கப்போகிறது.

இதைவிட மோசம் சிவனொளிபாதமலைப் பருவம். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை, போயா விடுமுறைகளில் நல்லதண்ணிப் பாதை வாகனங்களால் அடைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் நின்று நின்று நகரும் வரிசையில் சிலர் பிரேக்கை மிதிக்காமல் எக்சலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்துவைக்கிறார்கள். சில்லு சுழலாததால் என்ஜின் தரும் சக்தி அத்தனையும் ஒயிலுக்குத்தான். வெறும் 10 கிலோவாட் என்றாலும் ஒரே நிமிடத்தில் 35 பாகை ஏறிவிடும்.

டாஷ்போர்டு முள் அப்போதும் அசையாது. அது காட்டுவது என்ஜின் தண்ணீரின் சூட்டை. கியர்பாக்ஸுக்கு எச்சரிக்கை விளக்கு இருக்கும் வண்டிகளிலும், அது எரிவது காரியம் முற்றிய பிறகுதான். இந்த மூடநம்பிக்கை இத்தனை காலம் நிலைத்திருக்கக் காரணம் அந்த அசையாத முள் என்றே தோன்றுகிறது.

80 பாகைக்கு மேல் ஒவ்வொரு 11 பாகை உயர்வுக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது கியர்பாக்ஸ் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. சிவப்பு ஒயில் கபில நிறமாகிக் கருகல் வாடை வீசும், சீல்கள் இறுகும், கிளச் தகடுகள் தேய்ந்து தூளாகி வால்வுகளின் நுண்துளைகளில் போய் அடையும். கூலரோடு சேர்த்துக் குழாயில் பொருத்தும் பில்டரின் வேலை அந்தத் தூளைப் பிடிப்பது. காந்தம் வைத்த பில்டர் என்றால் இரும்புத் துகளும் அகப்படும்.

"கம்பனிக்காரனுக்குத் தெரியாததா?" என்பது அடுத்த வாதம். கம்பனியும் பிழைவிடுவதுண்டு. 2005க்கும் 2010க்கும் இடையில் அமெரிக்காவில் விற்ற நிசான் பிரொண்டியர், பாத்பைண்டர் வண்டிகளில் ரேடியேட்டருக்குள் இருந்த அந்தக் கூலரே வெடித்து, தண்ணீரும் ஒயிலும் கலந்து, கியர்பாக்ஸ்கள் பாழாயின. வழக்கு வந்தது, உத்தரவாதக் காலத்தை நிறுவனம் நீட்டிக்க நேர்ந்தது. அங்கே கலந்து வந்த இளஞ்சிவப்புக் குழம்புக்கு மில்க்‌ஷேக் என்றே பெயர் வைத்தார்கள்.

மெனுவல் கியர் வண்டிக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. கொழுந்து லொறிக்காரர் நிம்மதியாக இருக்கலாம். ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய கியர்பாக்ஸையும் கூலர் பிழைக்கவைக்காது. நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும் நாட்களில் ஒயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து தடித்துவிடும் என்ற பயம் நியாயமானது. அதற்காகத்தான் ரேடியேட்டரை விலக்கிவிடாமல், ஒயில் அதன் வழியாகவும் புதுக் கூலர் வழியாகவும் போக வேண்டும் என்கிறார்கள். சூடேறும் வரை கூலரைத் தவிர்த்துவிடும் பைபாஸ் வால்வும் கிடைக்கிறது. மலைக்குளிர் கூலருக்கு எதிராகக் கேட்கக்கூடிய ஒரே சலுகை அந்த வால்வுதான்.

பொருத்துவதில்தான் கஞ்சத்தனம் ஆபத்து. கராஜில் கைக்கு அகப்பட்ட தண்ணீர்க் குழாயை மாட்டினால் சூட்டொயிலில் ஊறி அது வெடிக்கும். கியர்பாக்ஸ் ஒயிலுக்கென்றே செய்த குழாய் வேண்டும். ரேடியேட்டர் மடிப்புகளுக்குள் பிளாஸ்டிக் நாடாவைக் குத்திக் கூலரைத் தொங்கவிட்டால் ஆட்டத்தில் அது ரேடியேட்டரையே அறுக்கும். தனிச் சட்டம் போட்டு முடுக்க வேண்டும். புதுக் கூலரும் பில்டரும் குழாயும் கொஞ்சம் ஒயிலைக் குடிப்பதால் அளவை மறுபடி பார்க்க வேண்டும். புதிய டபுள் கேப்கள் பலவற்றில் அளவுக்கோல் கிடையாது. குறிப்பிட்ட சூட்டில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அடியிலுள்ள திருகைக் கழற்றிப் பார்ப்பதே முறை. அதைச் செய்யத் தெரிந்த பாஸிடம்தான் வண்டியை விட வேண்டும்.