நாலு சகடை

பெங்களூரில் தங்கை வீட்டுக்குப் போனால் ஒரு நாள் லால்பாக், ஒரு நாள் கஸ்தூர்பா சாலையில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம். பிள்ளைகள் இரண்டுக்கும் வாடிக்கை. இந்த முறை அம்மாவும் கூட வந்தார்.

"செத்த காலேஜுக்கா கூட்டிட்டுப் போறே?" என்று ஆட்டோவிலேயே கேட்டுவிட்டார். கல்யாணமான புதிதில் சென்னைக்குப் போனபோது எழும்பூர் மியூசியத்தை அப்படிச் சொல்லிக் காட்டினார்களாம். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். பாடம் பண்ணிய புலி நிற்பது செத்த காலேஜ். "இது தொட்டுப் பாக்குற மியூசியம்மா" என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

உள்ளே ரைட் சகோதரர்களின் விமானம், அசல் அளவிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். 1903-இல் முதல் தடவை பறந்தது 12 விநாடி, 120 அடி. "நம்ம கிணத்துக் கயிறு மூணு சேத்தா அம்புட்டு இருக்கும்" என்றார் அம்மா. எங்கள் ஊர்க் கிணறு நாற்பதடி.

மகனுக்கு ஏழு வயது. அவனுக்கு மியூசியம் என்றால் பொத்தான். அமுக்குவான், விளக்கு எரியுமுன் அடுத்த பொத்தானுக்கு ஓடிவிடுவான். நான் பின்னாலேயே போய்ப் பலகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன், டியூஷன் வாத்தியார் மாதிரி. யாரும் கேட்கவில்லை. நியாயம்தான். பொத்தானை அமுக்கினால் வேலை செய்வது மோட்டார். விரலுக்கு என்ன தெரிந்தது? வேறோர் ஊரில் புதிதாகத் திறந்த ஓர் அறிவியல் மையத்துக்குப் போனபோது இன்னும் மோசம்: திரும்பின பக்கமெல்லாம் தொடுதிரை. வீட்டில் பிடுங்கி வைத்த செல்போனைப் பணம் கட்டிப் பெரிதாகக் காட்டியது போலிருந்தது.

தொட்டுப் பார்க்கும் மியூசியம் என்றாலே பிராங்க் ஓப்பன்ஹைமர் பெயரைத்தான் சொல்வார்கள். அணுகுண்டு ராபர்ட்டின் தம்பி; அவரும் அந்த அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியல்காரர். ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்று 1949-இல் பல்கலைக்கழக வேலை போயிற்று. கொலராடோவில் மாடு வளர்த்தார். பிறகு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் ஆனார். சான்பிரான்சிஸ்கோவில் அவர் எக்ஸ்ப்ளோரடோரியத்தைத் திறந்தது 1969-இல். பெங்களூர்க் கட்டடத்தை நேரு திறந்துவைத்தது அதற்கும் ஏழு வருடம் முன்னால், 1962-இல். பிராங்கின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அந்த மாட்டுப்பண்ணைதான். கயிறு பிடித்துக் காய்த்த கைக்குத்தான் பொத்தானின் அருமை தெரியும்.

எந்திரக் கூடத்தில் கப்பிகள் இருந்தன; எங்கள் ஊர்ப் பேச்சில் சகடை. ஒரே எடையுள்ள குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு. ஒன்றுக்கு ஒற்றைக் கப்பி, இன்னொன்றுக்கு இரண்டு, மற்றதற்கு நாலு. மகள் இழுத்துப் பார்த்துவிட்டு, "நாலு உள்ளதுதான் லேசு" என்று தீர்ப்புச் சொல்லி நகரப் பார்த்தாள்.

"இருடி" என்றார் அம்மா.

கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினார். முதல் கயிற்றை இழுத்தார். இடது கை மேலே, வலது கை கீழே, மாற்றி மாற்றி. குண்டு ஆடாமல் ஏறியது. வீட்டுக்கு மோட்டார் வந்து முப்பது வருடம் ஆகிறது. அந்தக் கைகளுக்கு மறக்கவில்லை. அப்புறம் நாலு கப்பிக் கயிறு. இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். காலடியில் கயிறு வளையம் வளையமாக விழுந்தது. குண்டு கொஞ்சம்தான் ஏறியிருந்தது.

"ஏய்யா, இம்புட்டுக் கயிறு வருது, குண்டு அங்கனயேல்ல நிக்குது?"

பலகையில் அதுதான் எழுதியிருந்தது. அதற்குமுன் நான் அதைத்தான் இரண்டு தடவை படித்தேன். குண்டை நாலு கயிறுகள் பங்குபோட்டுத் தாங்குவதால், உராய்வைத் தள்ளிவிட்டால், கைக்கு வருவது கால்பங்கு எடை. ஆனால் குண்டு ஓரடி ஏற நாலடி கயிறு இழுக்க வேண்டும். மகள் திரும்பி வந்து, தரையில் கிடந்த கயிற்றைத் தன் காலடி வைத்து அளந்தாள். மறுபடி குண்டைப் பார்த்தாள். பொத்தான் பையனும் ஓடிவந்து, தானும் இழுப்பேன் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அந்த இடத்திலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. மேல்மாடி பார்க்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் மகள் கணக்குப் போட்டாள்.

"அப்பத்தா, நம்ம கிணறு நாப்பதடில்ல? நாலு சகடை போட்டிருந்தா வாளி லேசா வந்திருக்கும். ஆனா நூத்தறுபது அடி இழுக்கணும்."

"ஒரு வாளிக்கா?" அம்மா பையிலிருந்து வெற்றிலையை எடுத்தார். "அதுக்குள்ள உங்க தாத்தா ரெண்டு தடவ சோறு கேட்டிருப்பாரு."