வேலை கேட்டவனுக்கு ஸதகா கொடுத்த ஊர்



கொஞ்சம் நீண்ட பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரம் 10, 11இல் என்னிடம் கணக்கீடு படித்த ஒரு பிள்ளை போன கிழமை வீட்டுக்கு வந்தான். பிறவியிலேயே கால்களில் பலமில்லை, இரண்டு ஊன்றுகோலுடன்தான் நடப்பான். நான் கரும்பலகையில் ஐந்தொகை போடும்போது எங்கே பிழைத்திருக்கிறது என்று முதலில் சொல்பவன் அவன்தான். பிறகு ஏ.எல். வர்த்தகப் பிரிவிலும் நல்லாகப் பாஸ் பண்ணினான். ஊரில் ஒரு கடைக்குக் கணக்குப் பார்க்க ஆள் தேவையென்று கேள்விப்பட்டு, சான்றிதழ்களைக் கோவையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். முதலாளி கோவையைத் திறக்கவேயில்லை. கதிரை போட்டு, குளிராகக் குடிக்கக் கொடுத்து, பாசமாகத்தான் பேசியிருக்கிறார். எழும்பும்போது ஐயாயிரம் ரூபாத் தாள் ஒன்றைக் கையில் பொத்தி வைத்து, "துஆச் செய் மகன்" என்று அனுப்பிவிட்டார்.

"நான் காசு கேட்டுப் போகல்ல சேர். வேலை கேட்டுத்தான் போன" என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, எனக்கும் பேச்சு வரவில்லை.

அந்த முதலாளி கெட்ட மனிதர் அல்ல. நல்லவர், கொடையாளி. பிரச்சினையே அங்கேதான். ஏலாதவர்களுக்குச் சக்கர நாற்காலி கொடுப்போம், நோன்பில் உலருணவுப் பொதி கொடுப்போம், கொடுக்கும்போது போட்டோவும் எடுத்து முகநூலில் போடுவோம். சம்பளம் மட்டும் கொடுக்க மாட்டோம். சம்பளம் கொடுத்தால் அவன் நமக்கு துஆச் செய்யத் தேவையில்லை, நாம்தான் அவனிடம் "கணக்கு முடிஞ்சுதா?" என்று கேட்க வேண்டி வரும். அது நமக்குப் பிடிக்கவில்லை.

நான் மட்டும் என்ன திறமா? கல்வியியற் கல்லூரியில் விசேட கல்வி பற்றிப் பக்கம் பக்கமாக நோட்ஸ் எழுதி நல்ல புள்ளியும் எடுத்தவன். மாணவத் தலைவர் தெரிவில் இதே பிள்ளையின் பெயரை வெட்டியதும் நான்தான். "பாவம், மாடிப்படி ஏறி இறங்கக் கஷ்டப்படுவான்" என்றேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனோ ஒவ்வொரு நாளும் அதே படிகளில் ஏறித்தான் என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான்! அந்த "பாவம்" என்ற சொல்லில் எவ்வளவு அநியாயம் இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

மார்க்கம் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை எல்லாருக்கும் தெரியும். ஸூரா அபஸ இறங்கிய சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். அவரை நபி (ஸல்) அவர்கள் எந்த வேலையில் வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஸுபஹுக்கு பாங்கு சொல்லும் வேலை! கிழக்கு வெளுத்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய பாங்கு, கண் தெரியாத மனிதரிடம். விடிந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள், அவர் பாங்கு சொல்வார் என்று ஹதீஸில் வருகிறது. முடியாத அந்த ஒரு பகுதியை மற்றவர்கள் செய்து கொடுத்தார்கள், வேலை அவருடையதாகவே இருந்தது. பயணம் போகும்போது மதீனாவின் பொறுப்பையே அவரிடம் விட்டுப்போயிருக்கிறார்கள். "சனம் என்ன சொல்லும்" என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே கேட்கிறார்கள். "கடைக்கு வாற சனம் ஒருமாதிரிப் பார்க்கும்." பார்க்கட்டும், இரண்டு நாளில் பழகிவிடும். "விழுந்து கிழுந்து போனா யார் பொறுப்பு?" பதின்மூன்று வருடம் பாடசாலைக்கு வந்து போனவன், உங்கள் கடையில் வந்துதான் விழப்போகிறானா? "வேலை மெதுவாக நடக்கும்." சீமெந்து மூட்டை தூக்கச் சொன்னால் அவனால் முடியாதுதான். யார் தூக்கச் சொன்னது? கணக்குப் புத்தகம் மேசையில் இருக்கிறது, அவன் கதிரையில் இருப்பான்.

அரசாங்கமும் இதில் சளைத்ததல்ல. அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டுமென்று 1988இலேயே 27/88 சுற்றறிக்கை வந்துவிட்டது. அது என்னைவிட வயதில் மூத்தது. ஆனால் கடமைக்கு இடையூறு இல்லாத குறைபாடாக இருக்க வேண்டும் என்று அதிலேயே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இடையூறா இல்லையா என்று தீர்மானிப்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாதென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோருக்குப் பார்ப்பது, கேட்பது, நடப்பது போன்ற ஏதோ ஒன்றில் சிரமம் இருந்தது. கிட்டத்தட்டப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர். நம்முடைய பிரதான வீதியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடை கடையாக ஏறிப் பாருங்கள், வேலைக்கு நிற்பவர்களில் எத்தனை பேரைக் காண்பீர்கள்?

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். காது கேட்காத ஒரு தங்கச்சி அபாயா தைக்கிறா. தையல் சுத்தமென்று எல்லாரும் சொல்கிறார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியில் பாதிதான் அவவுக்கு. கேட்டால், "வீட்டில சும்மா இருக்கிற பிள்ளைதானே, ஒரு உதவியாகத்தான் வேலை கொடுக்கிறோம்" என்கிறார்கள். அரைக் கூலி கொடுத்துவிட்டு அதற்கு உதவி என்று பெயரும் வைத்தாயிற்று.

பள்ளி நிர்வாகத்தினருக்கும் ஒரு கேள்வி. மாபிள் பதித்தோம், ஏ.சி. பூட்டினோம். அல்ஹம்துலில்லாஹ். வுழூச் செய்யும் இடத்துக்கு இறங்க ஒரு சாய்தளம் போட எவ்வளவு சீமெந்து போகும்? இந்தப் பிள்ளை வீட்டிலேயே வுழூச் செய்துகொண்டுதான் ஜும்ஆவுக்கு வருகிறான்.

ஹாஜியார், இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த ஐயாயிரம் ரூபாவை அவன் செலவழிக்கவில்லை, உங்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறான். நாளை அஸருக்குப் பிறகு கடைக்கு வருகிறேன், அவனும் கோவையோடு வருவான். இந்த முறை அதைத் திறந்து பாருங்கள். பார்த்துவிட்டு ஆள் சரிவராது என்று சொன்னாலும் பரவாயில்லை.

வேறு யாருக்காவது கணக்குப் பார்க்க ஆள் தேவையென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.