அடிக்குப் புத்திமதி மருந்தல்ல

 

சித்தாண்டியில் படிப்பிக்கும் ஆசிரியர்களாக ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

புருஷன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வாய் திறந்தால் நடப்பது என்ன? பெரியவர்கள் நாலு பேர் கூடுவார்கள். இரண்டு பேரையும் ஒன்றாக இருத்துவார்கள். அவனுக்கு "இனிக் கை நீட்டாதே", அவளுக்கு "நீயும் வாயைக் குறை". தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்புவார்கள். இதற்கு இப்போது "கவுன்சிலிங் குடுத்தாச்சு" என்று பெயர் வேறு.

இது உளவளத்துணை இல்லை. அடித்தவன் பக்கத்தில் இருக்கும்போது அடி வாங்கினவள் எதைச் சொல்வாள்? உண்மையைச் சொன்னால் இரவு அதற்கும் சேர்த்து வாங்க வேண்டும். ஆகவே "இப்ப பிரச்சினை இல்லை" என்பாள். ஊரும் சமாதானம் என்று நம்பிவிடும். முறையாகப் படித்த உளவளத்துணையாளர் முதலில் அவளோடு தனியாகப் பேசுவார். வீட்டுக்குத் திரும்பிப் போவது பாதுகாப்பா என்று கேட்பார். அவள் சொன்னதைப் போய்ப் புருஷனிடம் விசாரிக்க மாட்டார்.

"குடி", "யுத்தத்தில் பட்டது", "கடன் தொல்லை" என்று காரணம் சொல்கிறார்கள். அவை உண்மையான சுமைகள்தான், உதவியும் சிகிச்சையும் வேண்டும். ஆனால் அதே ஆள் முதலாளிக்குக் கை ஓங்குவதில்லையே? கதவு மூடினபிறகு மனைவிக்கு மட்டும் வருகிற கோபம் நோயில்லை. அவள் தனக்கு அடங்கியே இருக்க வேண்டும் என்ற நினைப்பு. குடியை விட்டாலும் அந்த நினைப்பு தானாகப் போகாது.

இன்னொரு அநியாயம். நித்திரையில்லாமல், நெஞ்சு படபடத்து அழுகிறவளுக்கு "விசர்" என்று பட்டம். வைத்தியர் தந்த குளிசையை அவள் போடத்தான் வேண்டும். ஆனால் அடி நிற்காமல் குளிசை மட்டும் என்ன செய்யும்?

பள்ளிவாசல் பக்கம் "சபூர் செய்" என்கிறார்கள். கோயில் பக்கம் "பொறுத்துப் போ" என்கிறார்கள். சொல் இரண்டு, அடி ஒன்றுதான். நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் அடித்ததில்லை என்று பயானில் கேட்டுவிட்டு வந்து கை ஓங்குகிறவர் மார்க்கத்தைத் துணைக்கு இழுக்க வேண்டாம்.

"பிள்ளைகளுக்காகப் பொறு" என்பவர்களே, அந்தப் பிள்ளைகளைக் காலையில் காண்பது நாங்கள். இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளை முதல் பாடத்திலேயே மேசையில் தலை சாய்க்கும். யாராவது சத்தம் போட்டால் திடுக்கிடும்.

"குடும்ப விஷயம்" என்பவர்களுக்கு: 2019இல் அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பில், திருமணமான அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவள் சார்பில் பொலிஸாரும் கேட்கலாம். உள ரீதியான கொடுமையும் அதில் அடங்கும். அடித்தவரைக் கட்டாயமாக உளவளத்துணைக்கு அனுப்பவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இனி ஒரு பெண் உங்களிடம் வந்தால் ஆட்களைக் கூட்டாதீர்கள். தனியாக இருத்தி, "வீட்டுக்குப் போகப் பயமா?" என்று கேளுங்கள். பயம் என்றால் அனுப்பாதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மனநல உதவிக்கு 1926. அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே "நட்பு நிலையம்" இருக்கிறது. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. அவள் சம்மதித்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.