மலையக வீதிகளில் உறுமும் சைலன்சர்கள்: சத்தம் யாருக்கு, தண்டம் யாருக்கு?

ஏப்ரல் மாதம் பிறந்தால் நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டங்களுக்காகக் கொழும்பிலிருந்து வரும் கார்களில் பல, ஹட்டன் வழியாகத் தலவாக்கலையைக் கடந்தே மேலேறுகின்றன. 1934 இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயமும், தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள ரதல்லைப் பந்தயமும் மோட்டார் பிரியர்களை இப்பக்கம் இழுத்து வருகின்றன. அந்த வாகனங்களின் உறுமலை வீதியோரம் நின்று கேட்கும் தோட்டத்து இளைஞனுக்கும் அதே ஒலி தன் வண்டியில் வேண்டும் என்ற ஆசை எழுவதில் வியப்பில்லை. ஆனால் அவனிடம் இருப்பது லீசிங்கில் எடுத்த முச்சக்கரவண்டி அல்லது பழைய மோட்டார் சைக்கிள்.

2025 ஜனவரியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தைத் தொடக்கி வைத்தார். அதன் கீழ் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பொருத்தப்பட்ட அலங்காரங்களையும் உபகரணங்களையும் அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் ஆரம்பித்தனர். சாரதிகளும் உரிமையாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். சத்தமிடும் சைலன்சர்களும் பொலிஸ் பரிசோதனைகளின் இலக்காகின. நடவடிக்கையின் நோக்கத்தில் தவறில்லை. அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி.

முதலில் சைலன்சரால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் மஸ்டாங் போன்ற எட்டு சிலிண்டர் கார்களில் பெரிய குழாய் பொருத்தி, எரிபொருள் அளவையும் அதற்கேற்ப மாற்றினால் கொஞ்சம் வலு கூடும். முச்சக்கரவண்டியில் இருப்பதோ சுமார் 200 சிசி கொண்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். அதன் வலு பத்துக் குதிரைவலு அளவே. அதன் சைலன்சரைத் திறந்துவிட்டால் கூடுவது பெரும்பாலும் சத்தம் மட்டுமே.

தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு காற்றழுத்தம் கரையோரத்தைவிட எட்டில் ஒரு பங்கு அளவு குறைவு. எஞ்சினுக்குள் போகும் காற்றே குறையும்போது, ஏற்றத்தில் வண்டி திணறுவது இயல்பு. அந்தக் குறையை வெளியேறும் குழாயை மாற்றித் தீர்க்க முடியாது. காபரேட்டரைச் சரியாக ட்யூன் செய்வதும், எயார் ஃபில்டரையும் பிளக்கையும் உரிய காலத்தில் மாற்றுவதும் அதைவிடக் கூடுதலான பலன் தரும்.

ஆனால் ஆசைக்காக அல்லாமல் தேவைக்காகச் சைலன்சர் மாற்றுவோரும் இருக்கிறார்கள். மலையக மழையும், எஞ்சின் முழுதாகச் சூடேறாத குறுகிய ஓட்டங்களும் சைலன்சரை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கின்றன. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளை ஒட்டுப்போட்டு ஓட்டுவதைத் தவிர வழியிருக்கவில்லை. துளை விழுந்த சைலன்சருக்குப் பதில் தேடிப் போகும் சாரதிக்குக் கடையில் காட்டப்படுவது ‘சவுண்ட்’ உள்ள மலிவான ஒன்றாக இருந்தால், சாரதியை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமா?

வாங்குவோர் மூன்று விடயங்களைக் கவனிக்கலாம். தன் மாடலுக்கே உரியதா, உள்ளே தடுப்பறைகள் இருக்கின்றனவா, இணைப்பில் புகை கசியாதா என்று பார்க்க வேண்டும். கசியும் புகையில் மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டு உண்டு. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை என்பதையும் மறக்கக்கூடாது.

பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. சைலன்சரின் விலை, பிடிபட்டால் தண்டம், பழையதை மீண்டும் பொருத்தும் கூலி, ஓட்டம் இல்லாத நாள் என்று கூட்டினால், ஒரு தாய் பல நாள் கொழுந்து பறித்த காசு அந்தக் குழாய் வழியாகவே போய்விடும்.

சத்தத்தைச் சுமப்போரும் நம்மவர்களே. வீதியோர லயன் அறைகளின் தகரக் கூரைகளும் மெல்லிய சுவர்களும் ஒலியைத் தடுப்பதில்லை. வீதிப் போக்குவரத்துச் சத்தம் சராசரியாக 53 டெசிபலுக்கு மேற்படாதிருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்தியம் 2018 இல் பரிந்துரைத்தது. இன்னொரு காயமும் உண்டு. 1977, 1983 வன்முறைகளில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் பின்னர் போரையும் சந்தித்தன. எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் வெடிக்கும் ‘டப்’ ஓசை ஓட்டுபவனுக்கு விளையாட்டு. ஷெல்லடிக்குள் வாழ்ந்தவர்களுக்கு அது வேறொரு நாளின் ஓசை. இது வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அப்படியே பொருந்தும்.

2023 ஜனவரி 20 அன்று ரதல்லைக் குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். மலைச்சரிவில் உயிரைக் காப்பது பிரேக்கும் டயரும் ஓட்டும் நிதானமும்தான். கையில் இருக்கும் காசு முதலில் அங்கே போகட்டும்.

அரசுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சட்டவிரோதமான பொருள் என்றால் அது இறக்குமதியாகும் இடத்திலும் விற்கப்படும் கடையிலும் பொருத்தப்படும் கராஜிலும் முதலில் தடுக்கப்பட வேண்டும். ஒலியை அளக்கும் கருவி இல்லாமல் காதால் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மாற்றிக்கொள்ள நியாயமான அவகாசம் வேண்டும். தமிழும் அரசகரும மொழியாகப் பல ஆண்டுகள் கடந்துவிட்ட நாட்டில், தண்டப்பத்திரமும் அறிவித்தலும் தமிழில் கிடைக்க வேண்டும். விற்பவரைத் தொடாமல் ஓட்டுபவரை மட்டும் மறிக்கும் வரையில், கழற்றப்பட்ட சைலன்சரின் இடத்தில் அடுத்த வாரமே இன்னொன்று உறுமும்.