கையொப்பம் இசைவாகுமா?

விளங்காத ஒன்றுக்கு இடும் கையொப்பம் இசைவாகாது. ஆசிரியப் பெருமக்கள் முன்னிலையில் இதனை அழுத்தந்திருத்தமாகக் கூற விரும்புகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி, கருவுற்றிருந்த வேளையில் சோதனைத்தாள் ஒன்றுடன் என்னைக் காண வந்தாள். 'டவுன் சின்ட்ரோம்: 200இல் 1, இடர் மிகுதி' என்று அதில் கண்டிருந்தது. "பிள்ளை குறையோடுதான் பிறக்குமாம், ஐயா" என்று அழுதாள். அத்தாள் சொன்னது அதுவன்று. அத்தகைய முடிவைப் பெற்ற 200 தாய்மாருள் 199 பேரின் குழந்தைகளுக்கு அந்நிலை இராது என்பதே அதன் பொருள். என்னிடம் கணக்குப் பயின்றவள் அவள். பின்னத்தைச் சுருக்கக் கற்பித்தேன். அது வாழ்வில் எதனை உணர்த்தும் எனக் கற்பித்தேனில்லை. பொருள் விளங்கிய பின்னர், மேற்சோதனை வேண்டா என அவளே முடிவு செய்தாள். அம்முடிவு அவளுடையது.

இச்சோதனையைச் சிலர் 'திரையிடல்' என மொழிபெயர்க்கின்றனர். திரையிடுவது மறைப்பதற்கன்றோ? 'சலித்தறிதல்' எனலாம். சல்லடை ஐயத்துக்குரியவற்றைப் பிரித்துக் காட்டும், தீர்ப்புக் கூறாது. கருவுற்ற 11 முதல் 14 வாரத்துக்குள் தாயின் குருதியையும் ஸ்கேனையும் கொண்டு கணிப்பது சலித்தறிதலே. 10ஆம் வாரம் முதல் தாயின் குருதியில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளை ஆராய்வதும் சலித்தறிதலே. 'இடர் குறைவு' என்ற முடிவும் முழு உறுதியன்று. உறுதிப்படுத்தும் சோதனை வேறு. அது நஞ்சுக்கொடித் திசுவையோ, 15ஆம் வாரத்துக்குப்பின் பனிக்குட நீரையோ எடுத்து ஆராய்வது. அதனால் கருச்சிதைவு நேரும் வாய்ப்பும் சிறிதளவு உண்டு. இவ்வேறுபாட்டை அறியாத தாய் எதற்கு இசைகிறாள்?

'மருத்துவர் பார்த்துக்கொள்வார், மாமியாரும் கணவரும் முடிவு செய்வர்' என்பார் உளர். மருத்துவர் செய்தி தருவார். குடும்பத்தார் துணை நிற்பர். சோதனை வேண்டும் எனவும் வேண்டா எனவும் கூறும் உரிமை தாய்க்கே உரியது. பிறக்கவிருக்கும் குழந்தையை வரவேற்க முன்னேற்பாடு செய்யவும் சோதித்துக்கொள்ளலாம். நம் மலேசிய நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 312ஆம் பிரிவு 1989இல் திருத்தப்பட்டது. கருவைத் தொடர்வதால் தாயின் உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ நேரும் கேடு கலைப்பதைவிட மிகும் என மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால் அது கருக்கலைப்புக்கு இடமளிக்கிறது. கருவின் குறையைத் தனிக் காரணமாக அது குறிக்கவில்லை. சோதனைக்கு முன்பே அறிய வேண்டிய செய்தியன்றோ இது?

'மருத்துவம் தமிழ் வகுப்புக்கு எதற்கு? மாணவர்க்கு இது வயதா?' எனவும் வினவுவர். 2016இல் படிவம் நான்கு மாணவர்க்குத் தலசீமியாக் குருதிச்சோதனை தொடங்கிற்று. குருதி கொடுக்க வயதுண்டு. அதன் முடிவைப் படித்தறிய வயதில்லையா? நாலடியாரைப் பதம்பிரித்துப் பொருள் கூறும் மாணவி, நாளை தன் கருவைப் பற்றிய தாளின்முன் வாயடைத்து நிற்பாளாயின், நாம் ஊட்டிய தமிழ் அவளுக்கு எப்போது உதவும்?

கருத்துணர்தல் பாடத்தில் மருத்துவமனைத் துண்டறிக்கையையும் வையுங்கள். மூன்று வினாக்களைப் பழக்குங்கள். இச்சோதனை சலித்தறிவதா, உறுதிப்படுத்துவதா? இந்த எண்ணின் பொருள் யாது? முடிவு வந்தபின் என்முன் உள்ள வழிகள் யாவை? இம்மூன்றையும் தமிழில் கேட்கத் தெரிந்த பெண், விளங்கும்வரை கையொப்பமிடமாட்டாள். அத்துணிவை அவளுக்கு அளிப்பது தமிழாசிரியர் கடமை. அதனை இவ்வாண்டே தொடங்குவோமாக.