சுண்ணாம்பு தடவாத கலயம்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்தால் பதனி குறையத் தொடங்கும். அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று போன வாரம் தென்காசிக்குக் கிழக்கே ஒரு பனையேறிப் பெரியவரைத் தேடிப் போனேன். ஏறுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. நெஞ்சில் காய்ப்பு இன்னும் போகவில்லை. பாளை அரிவாளும், பாளையை இடுக்கி நசுக்கும் மரக்கடிப்பும் எரவாணத்தில் செருகியிருக்கின்றன.

"அதே மரம், அதே பாளைதான் தம்பி. கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதனி, தடவலன்னா கள்ளு" என்றார்.

சுண்ணாம்பு, நொதிப்பைத் தடுத்து நிறுத்துகிறது. அது இல்லையென்றால் சில மணி நேரத்திலேயே பதனி புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரியிலிருந்து கள் இறக்கத் தடை. மலையைத் தாண்டினால் கேரளத்தில் உரிமத்தோடு கள்ளுக்கடை நடக்கிறது. கள் தொழிலாளர் நல நிதிக்கு அங்கே 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. இத்தனைக்கும் நம் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்து ஊர்.

குடியால் அழிந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. கடை திறக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கள்ளைப் பற்றிப் பேசவே கூசிக் கூசி, அந்தக் கைவேலையின் வரலாற்றையும் தொலைத்துக்கொண்டிருக்கிறோமே என்பதுதான் என் ஆற்றாமை. ஜார்ஜியா நாட்டில் மண்ணில் புதைத்த குவெவ்ரி சாடியில் திராட்சை மது ஆக்குவார்கள். அந்த முறையை 2013-ல் யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் கலயமும் மண்தான்.

ஒருமுறை ஏற்கெனவே தொலைத்திருக்கிறோம். மூங்கில் குழாயில் முற்றவைத்த தேன் தேறலைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் சொல்கின்றன. எந்த மூங்கில், எத்தனை நாள்? பாட்டு மிஞ்சியது, பக்குவம் மிஞ்சவில்லை. பனைக்கும் அந்தக் கதி வர எத்தனை வருடம் ஆகும்? இங்குள்ள கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையைப் பனங்காட்டு ஊர்களில் கழித்து, இந்தப் பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்தால்கூடப் போதும். பேச்சை மட்டுமல்ல, கைகளையும் படம் பிடிக்க வேண்டும்.

கடிப்பை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கேட்டேன். பெரியவருக்குச் சொல்லத் தெரியவில்லை. என் சுண்டுவிரலைப் பிடித்து, இரண்டு விரலால் மெல்ல நசுக்கிக் காட்டினார்.